சும்மா உட்கார ஓர் இடம்

வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்கு ஞாயிற்றுக்கிழமை போகிறவர்கள் கவனித்திருக்கலாம். சாமி கும்பிட்டு முடித்த பிறகும் கிளம்பாமல் உட்கார்ந்திருக்கும் பெண்கள் அங்கே உண்டு. இருபது, இருபத்திரண்டு வயது இருக்கும். நாலைந்து பேராகச் சேர்ந்து வருவார்கள். ஒருத்தி ஊரில் இருக்கும் அம்மாவோடு போனில் பேசுவாள். இன்னொருத்தி தோழிக்குத் தலை பின்னிவிடுவாள். திருவண்ணாமலைத் தமிழும் விருதுநகர்த் தமிழும் காதில் விழும், நடுவில் ஒடியாவும் இந்தியும் கேட்கும். எல்லோரும் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனி வேலைக்கு வந்தவர்கள்.

ஒருமுறை பக்கத்தில் இருந்த பெண்ணிடம் பேச்சுக் கொடுத்தேன். "ரொம்ப நேரமா இருக்கீங்களே, ஏதாவது வேண்டுதலா?"

அவள் சிரித்துவிட்டாள். "வேண்டுதல்லாம் ஒண்ணும் இல்லண்ணா. வாடகை ரூம்ல அஞ்சு பேரு இருக்கோம். ரெண்டு பேரு நைட் ஷிப்ட் முடிச்சுத் தூங்குவாங்க. லைட்டு போட முடியாது, பேச முடியாது. கடையில போய் உக்காந்தா ஏதாச்சும் வாங்கணும். இங்கதான் எந்திரிச்சுப் போன்னு யாரும் சொல்ல மாட்டாங்க."

அருணகிரிநாதர் கோடைநகர் என்று பாடிய தலம் இது. ஏழடி உயர முருகன். அந்த முருகனே அருணகிரிநாதருக்குச் சும்மா இருக்கக் கற்றுக்கொடுத்ததாகக் கதை உண்டு. அந்தச் 'சும்மா' வேறு, இந்தப் பெண் தேடி வந்த 'சும்மா' வேறு என்று தெரியும். இருந்தாலும், பல ஆயிரம் கோடி முதலீடு வந்து இறங்கியிருக்கிற ஒரு வட்டாரத்தில் ஓர் இளம்பெண் காசு கொடுக்காமல், காரணம் சொல்லாமல் இரண்டு மணி நேரம் உட்கார முருகனைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. நம் அரசுகள் கட்டும் குடியிருப்புகளைப் பற்றிய விமர்சனத்தை நான் இந்த இடத்திலிருந்துதான் தொடங்க விரும்புகிறேன்.

*

கோயிலுக்கு அருகிலேயே வல்லம் வடகால் சிப்காட். 2024 ஆகஸ்ட் 17 அன்று தமிழக முதல்வர் அங்கே ஒரு குடியிருப்பைத் திறந்துவைத்தார். 20 ஏக்கரில், 706.50 கோடி ரூபாய் செலவில், ஃபாக்ஸ்கானில் வேலை செய்யும் பெண்களுக்காகச் சிப்காட் கட்டியது. 13 கட்டிடங்கள். கட்டிடத்துக்கு 240 அறைகள், அறைக்கு ஆறு பேர். பெருக்கிப் பார்த்தால் 18,720 பேர். தமிழ்நாட்டின் பல பேரூராட்சிகளில் இவ்வளவு ஜனம் கிடையாது.

இதைக் குறை சொல்வதற்காகக் குறிப்பிடவில்லை. இடைத்தரகர்கள் நடத்திய நெரிசலான விடுதிகளோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம். அரசு தானே முன்வந்து தொழிலாளர்களுக்கு வீடு கட்டியது வரவேற்க வேண்டிய செயல். உள்ளே வசதிகளும் இருக்கின்றன. என் கேள்வி வேறு. ஒரு பேரூராட்சி அளவு ஜனத்தை ஓரிடத்தில் குடிவைத்துவிட்டு அதைக் கட்டில் கணக்கில் மட்டும் சொல்கிறோமே, ஏன்? பேரூராட்சி என்றால் வார்டு இருக்கும், கவுன்சிலர் இருப்பார், டீக்கடை பெஞ்சு இருக்கும், நூலகம் இருக்கும், பிரச்சினை என்றால் நாலு பேர் கூடும் ஓர் இடம் இருக்கும். விடுதியில் இருப்பது நிர்வாகம். விடுதியின் பொதுக்கூடம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது விடுதியின் கூடம்தான். கேட்டுக்கு வெளியே லைன் வீட்டில் இருக்கும் பெண் அதற்குள் வர முடியாது. வல்லக்கோட்டைக்காரரும் வர முடியாது. உள்ளே இருப்பவளுக்கும் ஊரில் யாரையும் தெரியாது.

இது ஏதோ பொழுதுபோக்குச் சமாச்சாரம் என்று நினைப்பவர்கள் 2021 டிசம்பரை ஞாபகப்படுத்திக்கொள்ளலாம். பூந்தமல்லி அருகே ஒரு தனியார் விடுதியில் சாப்பிட்ட ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்களுக்கு உடம்பு சரியில்லாமல் போனது. 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதாகச் செய்தி வந்தது. அதன்பின் சிலர் இறந்துவிட்டார்கள் என்று வதந்தி கிளம்பி, ஒவ்வொரு விடுதியாக, ஒவ்வொரு போனாகப் பரவியது. கடைசியில் ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். விஷயம் உலகச் செய்தியானது. ஆலை சில வாரங்கள் மூடிக் கிடந்தது.

உணவின் தரம், தங்குமிடத்தின் நிலை பற்றியெல்லாம் அப்போது நிறையப் பேசினோம். பேசாத விஷயம் ஒன்று உண்டு. தன்னோடு வேலை பார்த்தவள் உயிரோடு இருக்கிறாளா இல்லையா என்று ஒரு பெண் போய்க் கேட்க அன்றைக்கு ஓர் இடம் இல்லை. சூப்பர்வைசரை நம்ப முடியாது, வார்டனை நம்ப முடியாது. உள்ளூரில் தெரிந்த முகம் கிடையாது. ஒரே கூரையின் கீழ் இருந்தவர்கள்கூட ஷிப்ட் மாறி மாறி வந்ததால் முழுதாக ஒருநாளும் சேர்ந்து உட்கார்ந்ததில்லை. அவர்கள் முதன்முதலாக ஒன்றாக உட்கார்ந்த இடம் நெடுஞ்சாலை. கூடிப் பேச ஓர் அறை இருந்திருந்தால் போராட்டமே நடந்திருக்காது என்று நான் சொல்ல வரவில்லை. நியாயமான கோபத்துக்கு அறை கட்டி அணை போட முடியாது. ஆனால் வதந்தியை விசாரித்துத் தெரிந்துகொள்ள ஒரு வழி இருந்திருக்கும். ஊர் என்று ஒன்று இருந்தால் அது செய்கிற முதல் வேலை அதுதானே?

மூன்று வருடம் கழித்து, 2024 செப்டம்பர் 9 அன்று, பக்கத்துச் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். அக்டோபர் 15 வரை, 37 நாள் நடந்தது. அவர்கள் ஒரு பந்தல் போட்டு அதில் உட்கார்ந்தார்கள். அக்டோபரில் போலீஸ் அந்தப் பந்தலைப் பிரித்தது. சங்கம் வேண்டுமா, எந்தச் சங்கம் வேண்டும் என்பதெல்லாம் வேறு விவாதம். நான் பார்ப்பது பந்தலை மட்டும். ஆயிரம் பேர் கூடிப் பேசத் துணிப் பந்தல் ஒன்றுதான் கிடைத்தது, அதையும் பிரித்தாகிவிட்டது. நிலம் கையகப்படுத்தி, சாலை போட்டு, துணைமின் நிலையம் கட்டிக் கொடுத்து இந்த வட்டாரத்தை உருவாக்கிய திட்ட வரைபடத்தில், வேலை செய்பவர்கள் உட்கார ஒரு சதுர அடிகூட யாருக்கும் தோன்றவில்லை.

*

சிப்காட் புதிது, போகப் போகச் சரியாகிவிடும் என்று சிலர் சொல்லலாம். அப்படியானால் பழைய அனுபவம் என்ன சொல்கிறது? தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் 1970-இல் தொடங்கியது. 2021-இல் அதன் பெயரை நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றினார்கள். நல்ல பெயர். வாழ்விடம் என்ற சொல்லில் வீட்டுக்கு வெளியே உள்ளதும் அடங்கும். ஆனால் வாரியம் கட்டியது பெரும்பாலும் வீடுகளைத்தான். கூவம், அடையாறு கரைகளிலிருந்தும் நகரின் உள்பகுதிகளிலிருந்தும் எடுக்கப்பட்ட குடும்பங்கள் 2000-க்குப் பிறகு கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று தெற்கே தள்ளித் தள்ளிக் குடியமர்த்தப்பட்டன. பெரும்பாக்கத்தில் மட்டும் 20,000-க்கும் மேற்பட்ட வீடுகள்.

இப்படிப்பட்ட ஒரு குடியிருப்புக்கு, பெயர் வேண்டாம், நண்பர் ஒருவரோடு போயிருந்தேன். சமுதாயக்கூடம் இருந்தது. சுவரில் பெயரும் திறப்புவிழாக் கல்வெட்டும் இருந்தன. கதவில் பூட்டு. எதிரே இட்லி விற்றுக்கொண்டிருந்த அம்மாவிடம் சாவி யாரிடம் என்று கேட்டோம்.

"எதுக்குப்பா, ஃபங்ஷனா?"

"இல்லம்மா, சும்மா பார்க்கலாம்னு."

"சும்மாவா? சும்மால்லாம் தொறக்க மாட்டாங்கப்பா."

நம்முடைய சமுதாயக்கூடங்களைப் பற்றிய மொத்த விமர்சனமும் அந்த ஒரு வரியில் இருக்கிறது. நாம் கட்டுவது விசேஷத்துக்கான கூடம். கல்யாணம், வளைகாப்பு, காதுகுத்து, தேர்தல் நேரத்தில் வாக்குச்சாவடி, வெள்ளம் வந்தால் முகாம். இவையும் தேவைதான். தனியார் மண்டபத்தின் வாடகையைக் கட்ட முடியாத குடும்பத்துக்கு வாரியத்தின் கூடம் பெரிய உதவி. அதைச் சின்னதாக நினைக்கக்கூடாது. ஆனால் வருடத்தில் ஐம்பது நாள் விசேஷம் என்றால் மிச்சம் முந்நூற்றுப் பதினைந்து நாள் பூட்டு. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை எட்டு வயதுத் தம்பியோடு ஒற்றை அறை வீட்டில் எங்கே உட்கார்ந்து படிக்கும்? வேலை போன ஆண் பகலில் எங்கே போவான்? போக ஓர் இடம் உண்டு, டாஸ்மாக். அது மட்டும் நேரம் தவறாமல் திறக்கிறது.

இடித்துத் தள்ளப்பட்ட பழைய குடியிருப்புகளில் இந்த இடங்கள் இருந்தன. யாரும் திட்டம் போட்டுக் கட்டியவை அல்ல. தெருமுனை மன்றம், கேரம் போர்டு, அம்மன் கோயில் மேடை, குத்துச்சண்டைக் கூடம், கால்பந்துத் திடல். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக்கோப்பை கேரம் போட்டியில் மூன்று தங்கம் வென்ற காசிமா, வடசென்னை செரியன் நகரில் ஓர் ஆட்டோ ஓட்டுநரின் மகள். அப்பா நடத்திய சிறிய கேரம் பயிற்சி மையத்தில்தான் அவர் விளையாடக் கற்றுக்கொண்டார். அதற்கு அடுத்த ஆண்டு பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியில் கண்ணகி நகர் கார்த்திகா இருந்தார். இருவரையும் பாராட்டினோம், பரிசு கொடுத்தோம். அவர்கள் ஜெயித்ததற்கு ஒரு திடலும், ஒரு விளக்கும், சாயந்திரம் தவறாமல் வந்து நிற்கும் ஓர் ஆளும் வேண்டியிருந்தன என்பதை மறந்துவிட்டோம். அவற்றை அரசு கொடுக்கவில்லை என்றால் யாரோ ஒருவர் தன் நேரத்தையும் உழைப்பையும் போட்டு உண்டாக்குகிறார். மறுகுடியமர்வின்போது வீட்டுக்குப் பதில் வீடு கணக்குப் பார்த்துக் கொடுக்கிறார்கள். கேரம் போர்டுக்குப் பதில் என்ன என்று கேட்க அந்தக் கணக்கில் கட்டம் இல்லை.

*

இந்த இடத்தில் பழங்காலத் திண்ணையைப் பற்றி ஏங்குவது நம் கட்டுரையாளர்களின் வழக்கம். அதில் எனக்குச் சம்மதமில்லை. திண்ணையில் யார் உட்காரலாம், யார் தெருவில் நிற்க வேண்டும், யார் தெருவுக்குள்ளேயே வரக்கூடாது என்பதற்கெல்லாம் கணக்கு இருந்தது. இன்றைக்கும் கிராமத்தில் சமுதாயக்கூடம் ஊரில் இருக்கிறதா, காலனியில் இருக்கிறதா என்பதை வைத்தே அதில் யார் கல்யாணம் செய்ய முடியும் என்று சொல்லிவிடலாம். பொது என்ற சொல் நம்மிடம் உண்டு, பொது இடம் குறைவு.

அதனால்தான் சமத்துவபுரம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1997-இல் கலைஞர் அரசு அறிவித்த திட்டம். நூறு வீடுகளில் 40 ஆதிதிராவிடருக்கு, 25 பிற்படுத்தப்பட்டோருக்கு, 25 மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு, 10 மற்றவர்களுக்கு. எல்லா வீடும் கலந்து. நடுவில் பெரியார் சிலை, எல்லோருக்கும் ஒரே சமுதாயக்கூடம். வீட்டையும் கூடத்தையும் ஒரே யோசனையின் இரண்டு பாதியாகப் பார்த்த அரிதான திட்டம் அது. பக்கத்து வீட்டில் குடிவைத்தால் மட்டும் போதாது, ஒரே கூடத்தில் பந்தி நடக்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை. நடைமுறையில் எவ்வளவு நிறைவேறியது என்பது ஊருக்கு ஊர் மாறும். ஆனால் எதற்காகக் கூடம் என்ற கேள்விக்கு ஒரு பதில் இருந்தது.

அதே கட்சி 2006-இல் ஆட்சிக்கு வந்தபோது அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தைக் கொண்டுவந்தது. 12,618 ஊராட்சிகளிலும் நூலகம், விளையாட்டுத் திடல். கட்டிடங்கள் வந்தன, புத்தகங்களும் வந்தன. கொஞ்ச நாளில் பல ஊர்களில் பூட்டும் வந்தது. காரணம் எளிது. கட்டிடத்துக்கு மூலதனம் ஒதுக்கினோம், அதைத் தினம் திறக்கும் மனிதருக்குச் சொற்ப மதிப்பூதியத்தை நினைத்தோம். ஆட்சி மாறியதும் ஆர்வமும் போனது. நம் திட்டங்களில் சிமெண்டுக்கு இருக்கும் மதிப்பு சாவிக்கொத்தோடு காலையில் வரும் ஆளுக்கு இல்லை.

*

சரியாகச் செய்த ஊர் எது என்று கேட்டால் எல்லோரும் சிங்கப்பூரைச் சொல்வார்கள். நானும் சொல்கிறேன், பாதி மட்டும். சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960 பிப்ரவரியில் தொடங்கியது. மக்கள் கழகம் அதே ஆண்டு ஜூலையில் தொடங்கியது. ஒன்று வீடு கட்டியது, மற்றொன்று அந்த வீடுகளுக்கு நடுவே சமூக மன்றங்களை நடத்தியது. அங்குள்ள தமிழர்களின் பொங்கல் விழாவும் பரதநாட்டிய வகுப்பும் இலக்கியக் கூட்டமும் பெரும்பாலும் இந்த மன்றங்களில்தான் நடந்துவருகின்றன. கூடத்துக்கு முழுநேர ஊழியர் உண்டு, சம்பளம் உண்டு, அட்டவணை உண்டு.

மற்ற பாதி இது: அந்த மன்றங்களின் சாவி அரசிடம் இருக்கிறது. தொகுதியில் எதிர்க்கட்சி ஜெயித்தாலும் மக்கள் கழகத்தின் அடித்தள ஆலோசகராக அந்த எம்.பி. ஆக முடிவதில்லை என்பது அங்கே நெடுங்காலமாக உள்ள விமர்சனம். வகுப்புக்கு ஆள் சேர்ப்பதற்கும் மக்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று காதில் வாங்கிக்கொள்வதற்கும் ஒரே கூடம் பயன்படும்.

சிங்கப்பூரில் நான் மதிப்பது வேறொன்று. அடுக்குமாடிகளின் தரைத்தளத்தை வீடு கட்டாமல் தூண்களோடு காலியாக விட்டுவைத்தார்கள். கதவு இல்லை, அதனால் சாவியும் இல்லை. மலாய்க்காரர் கல்யாணமும் சீனர் துக்கமும் அங்கேதான் நடக்கும். மற்ற நாட்களில் வயசானவர்கள் சதுரங்கம் ஆடுவார்கள், பிள்ளைகள் மழைக்கு ஒதுங்குவார்கள். யாரும் எதற்கு என்று கேட்பதில்லை. நம் வாரியம் ஏன் தரைத்தளத்தை இப்படி விடக்கூடாது? ஒரு மாடியில் நாலு வீடு குறையும் என்பார்கள். குறையட்டும். அந்த நாலு வீட்டுக்கு ஈடாக மற்ற எல்லா வீடுகளுக்கும் ஒரு கூடுதல் அறை கிடைக்கிறது.

*

இதற்கு வரும் எதிர்வாதங்கள் எனக்குத் தெரியும். முதலாவது, ஜனங்களுக்கு வீடே இல்லை, உங்களுக்குக் கூடம் கேட்கிறதா? இதைச் சொல்பவர்கள் வீட்டையும் கூடத்தையும் எதிர் எதிராக நிறுத்துகிறார்கள். வீடு எவ்வளவு சிறிதோ கூடம் அவ்வளவு அவசியம். மூன்று படுக்கையறை உள்ளவனுக்கு வேண்டாம், அவன் அபார்ட்மெண்டில் கிளப் ஹவுஸ் தானாகவே வந்துவிடுகிறது.

இரண்டாவது, திறந்து வைத்தால் ரவுடிகள் பிடித்துக்கொள்வார்கள். பூட்டிய கூடத்தின் பின்பக்கத்தைப் போய்ப் பாருங்கள், பாட்டில்கள் கிடக்கும். ஆள் நடமாட்டமுள்ள இடம்தான் பாதுகாப்பு. 1995-இல் சிகாகோவில் வெப்ப அலை வந்து எழுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சமூகவியலாளர் எரிக் கிளைனன்பெர்க் அதைப் பற்றி ஆராய்ந்தபோது, அடுத்தடுத்து இருந்த இரண்டு ஏழைப் பகுதிகளில் சாவு விகிதம் சுமார் பத்து மடங்கு வேறுபட்டிருந்ததைக் கண்டார். ஒன்றில் கடைகள், நடைபாதைகள், ஜனம். மற்றதில் வெறிச்சோடிய தெருக்கள், பூட்டிய கதவுகள். பின்பு நூலகம், திடல் போன்ற இடங்களைச் சமூக உள்கட்டமைப்பு என்று அவர் பெயரிட்டு எழுதினார். 2015 டிசம்பர் வெள்ளத்தில் கரண்டும் டவரும் போன பிறகு நமக்குக் கை கொடுத்தது யார் என்று யோசித்தால் சிகாகோ வரை போகக்கூட வேண்டாம்.

மூன்றாவது, கோயில் இருக்கிறதே. இருக்கிறது, அதற்கு நன்றி. ஆனால் கோயிலுக்குள் வர முடியாத, வர விரும்பாத தொழிலாளர்களும் இங்கே இருக்கிறார்கள். கோயிலில் சம்பளப் பிடித்தத்தைப் பற்றிக் கூட்டம் போட முடியாது. மாதவிலக்கு நாளில் அந்தப் பெண்கள் எங்கே உட்காருவார்கள்? சாமியின் தயவில் கிடைப்பதை உரிமை என்று சொல்ல முடியாது.

*

வல்லக்கோட்டையில் என்ன வேண்டும் என்று என்னைக் கேட்டால் பெரிதாக ஒன்றும் கேட்கமாட்டேன். விடுதிக் கேட்டுக்கு வெளியே, ஊருக்கும் சிப்காட்டுக்கும் நடுவே, கம்பெனி பஸ் நிற்கும் இடத்துக்கு நடக்கும் தூரத்தில் ஒரு கூடம். தண்ணீர், ஃபேன், சுத்தமான கழிப்பறை. இரவு ஷிப்ட் முடிந்து வருபவளுக்கும் திறந்திருக்கும் நேரம். தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் செய்தித்தாள். நிர்வாகக் குழுவில் கம்பெனி ஆள் வேண்டாம். ஊர்க்காரர் பாதி, குடியிருப்பவர் பாதி, அதில் பெண்கள் பாதி. முக்கியமாக, முழுச் சம்பளம் வாங்கும் இரண்டு ஊழியர்கள். அவர்களுடைய சம்பளம் கட்டிடச் செலவோடு சேர்த்து முதல் நாளே பத்து வருடத்துக்கு ஒதுக்கப்பட வேண்டும். 706 கோடி போட்ட இடத்தில் இது கணக்கிலேயே வராத தொகை. தொழிற்பேட்டைக்கு நிலம் ஒதுக்கும்போதே இத்தனை பேருக்கு இத்தனை சதுர அடி பொதுக்கூடம் என்று விதியிலேயே எழுதிவிட்டால் அடுத்த வல்லக்கோட்டையில் யாரும் கேட்க வேண்டியிராது.

அந்தப் பெண்ணிடம் விடைபெறும்போது, இப்படி ஒரு கூடம் கட்டினால் வருவீர்களா என்று கேட்டேன். அவள் உடனே பதில் சொல்லவில்லை. தோழிகளைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "ஐடி கார்டு கேப்பாங்களாண்ணா?"